காப்பக அறையில் அட்டைப்பெட்டி இருந்தால் பிள்ளையை எங்கே விடுவது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தேன். இருநூறு பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனி. பையனுக்கு எட்டு மாதம் ஆகிறது. லீவு முடிந்து போனால், "பையன் ஸ்கூலுக்குப் போறப்ப வாங்க, பார்த்துக்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். குழந்தைகள் அறை என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், உள்ளே முழுக்க அட்டைப்பெட்டி. மாமியாருக்கு மூட்டுவலி, தவழுகிற பையன் பின்னால் அவரால் போக முடிவதில்லை. வீட்டுக்காரர் சம்பளம் ஒன்றை வைத்து வாடகையும் சீட்டும் கட்ட முடியவில்லை. காப்பகம் கேட்டால் வேலை போய்விடுமா?
- வாசகி, பெருமாநல்லூர்

பதில்: அம்மணி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜினாமா கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "எழுதிக் கொடுத்துட்டு பிஎஃப் எடுத்துக்கங்க, அப்புறம் புதுசா சேர்ந்துக்கலாம்" என்று நல்லபடியாகத்தான் சொல்வார்கள், ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்களாகவே நின்றதாகத்தான் கணக்கு.

நீங்கள் கேட்பது சலுகை இல்லை. வேலைக்குப் போகிற தாய்க்குப் பிள்ளையை விட ஓர் அறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. 2017-ல் பேறுகாலப் பயன் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு விடுப்பை முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக்கியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றும் சேர்த்தார்கள். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துத்தான் அந்த 50. பழைய சட்டங்களைத் திரட்டிச் செய்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இது இருக்கிறது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகிறவரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் உண்டு. இருநூறு பேர் இருக்கிற கம்பெனி இதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

26 வாரம் கொடுத்துவிட்டு 27-வது வாரம் பிள்ளையை எங்கே விடுவாய் என்று கேட்காமல் விட்டால் அந்த லீவால் என்ன பயன்? அங்கன்வாடியும் இரண்டு வயசுக்கு அப்புறம்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பமாக வந்து நம் ஊரில் தைக்கிறவர்களுக்கு மூட்டுவலியோடு பார்த்துக்கொள்ளக்கூட ஒரு மாமியார் பக்கத்தில் இல்லை.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் கைப்பிள்ளைக்காரிகள் இன்னும் இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொண்டு பெயர், டோக்கன் நம்பர், பிள்ளையின் வயசு போட்டு ஒரே மனுவாக எழுதி ஹெச்.ஆரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பெட்டியை எடுத்துவிட்டு கம்பெனியைச் சோதிக்க வருகிற ஆடிட் நாளுக்கு மட்டும் பாயும் பொம்மையும் போட்டு வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூளி கட்டக் கொக்கி, தண்ணீர், கழுவ இடம், பிள்ளை பார்க்கத் தெரிந்த ஆயா, எல்லாம் தினமும் இருக்க வேண்டும். சீசனில் ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது காப்பகத்தை ஆறு மணிக்குப் பூட்டினால் மீதி நேரம் பிள்ளை எங்கே இருக்கும் என்பதையும் மனுவிலேயே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு அந்த நகலோடு போங்கள்.

கேள்வி: அனுப்பர்பாளையம் பக்கம் 22 பேரை வைத்து, மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் செய்கிறேன். ஓவர்லாக் மிஷினில் நன்றாகத் தைக்கிற இரண்டு பெண்கள் பிரசவத்துக்குப் போனவர்கள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் வரவில்லை. தனிக் காப்பகம் வைக்க எனக்கு வசதி இல்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, இருந்தும் கேட்கிறீர்களே, ரொம்ப சந்தோஷங்க. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ள 2020 தொகுப்பிலேயே இடம் இருக்கிறது. உங்கள் வீதியில் இதே மாதிரி நாலைந்து யூனிட் இருக்குமே, அவர்களிடம் பேசுங்கள். தரைத்தளத்தில் ஒரு வீடு, இரண்டு ஆயாக்கள், செலவை ஆள் கணக்குப்படி பிரித்துக்கொள்ளலாம். கெமிக்கல் வாடை வருகிற இடமும் லாரி நிற்கிற வீதியும் வேண்டாம்.

காப்பகச் செலவை அந்தப் பெண்களின் கூலியில் பிடிக்காதீர்கள். தைக்கிற பீஸ் கணக்குக்குக் கூலி தருகிற பீஸ் ரேட் என்றால் பால் கொடுக்கப் போகிற நேரத்துக்கும் ஏதாவது கட்டிக்கொடுங்கள். பால் கொடுக்கப் போனால் பீஸ் குறையும் என்று தெரிந்தால், பிள்ளை அழுதாலும் அந்தப் பெண் மிஷினை விட்டு எழுந்திருக்கமாட்டாள்.