முப்பத்தொன்பது வயதில் நர்சிங்: விட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு

உங்கள் கடிதத்தில் ஒரே புலம்பல் மூன்று இடத்தில் வருகிறது. பக்கத்தில் உட்காரும் இருபது வயதுப் பெண்ணுக்கு ஒருமுறை படித்தாலே மனதில் பதிந்துவிடுகிறது, உங்களுக்கு எத்தனை முறை படித்தாலும் நிற்பதில்லை. மூளை மந்தமாகிவிட்டது என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். முதலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறியதை மட்டும் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்கிறீர்கள்!

சரி, மூளை விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். புதியதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வேகம் வயதோடு கொஞ்சம் குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் வளர்ந்தவர்களால் பெரிய படிப்பைத் தாங்க முடியாது என்பது உண்மையில்லை. லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வாங்க வேண்டுமானால், நகரின் நடுவில் இருக்கும் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் தலைக்குள் இருக்க வேண்டும். மூன்று நான்கு வருடம் பிடிக்கும் படிப்பு. எலினார் மக்வயர், கேத்தரின் உல்லெட் என்ற இரு ஆய்வாளர்கள், அப்படிப் படிக்க வந்த 79 பேரின் மூளையைத் தொடக்கத்தில் ஒருமுறையும், அவர்களில் திரும்பி வந்த 59 பேரின் மூளையைச் சில ஆண்டுகள் கழித்து மறுமுறையும் ஸ்கேன் செய்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். உரிமம் வாங்கியவர்கள் 39 பேர். தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனில் தேறியவருக்கும் தேறாதவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. முடிவில், தேறியவர்களுக்கு மட்டும் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் பின்பக்கம் வளர்ந்திருந்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு கணக்கு. தேறியவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 35 மணி நேரம் போலப் பயிற்சி எடுத்திருந்தார்கள். தேறாதவர்கள் 17 மணி நேரம்தான். நேரம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் வரும் வயதில் மூத்த மாணவர்களுக்கும் பெரும்பாலும் அங்கேதான் இடிக்கிறது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, வகுப்பும் வார்டு டியூட்டியும் போக, ஒவ்வொரு நாளும் உண்மையில் படித்த நிமிடங்களை மட்டும் எழுதுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுநாள் சமையலை யோசித்த நேரம் கணக்கில் வராது. ‘இரவு பத்து மணிக்கு மேல் தினமும் இரண்டு மணி நேரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தவருக்கு அதில் எத்தனை நிமிடம் தேறும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது, படிக்கும் விதம். மருந்தளவுக் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது என்கிறீர்கள். டாக்டர் எழுதியது 375 மில்லிகிராம். கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். எத்தனை மில்லி கொடுக்க வேண்டும்? நோட்டில் விடையோடு பார்த்தால், அட, இவ்வளவுதானா என்று தோன்றும். நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள், 5-ஆல் பெருக்குவதா வகுப்பதா என்று கை நிற்கும். (விடை 15 மில்லி. போட்டுப் பார்த்துவிட்டுத்தானே இதைப் படிக்கிறீர்கள்?) கை நிற்கும் அந்த நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். எனவே நாலாவது முறை படிக்காதீர்கள். மூடிவைத்து எழுதுங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள்.

வீட்டு விஷயம். கணவர் ‘உதவி’ செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உதவி என்றால் பொறுப்பு இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது என்று பொருள்: என்ன தீர்ந்தது, எப்போது வாங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு வேலைகளை அடியோடு கைமாற்றிவிடுங்கள். இரவுச் சமையல் ஒன்று, பிள்ளையின் பள்ளி விவகாரம் ஒன்று. அவர் செய்யும் விதம் உங்களுக்குப் பிடிக்காது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வாயைத் திறக்காதீர்கள்.

விடுவதே சரியான முடிவாக இருக்கும் சமயங்களும் உண்டு. தூக்கம் கெட்டு வார்டில் மருந்து மாறிப்போகும் அளவுக்கு வந்தாலோ, கட்டணத்துக்காகக் கடனுக்கு மேல் கடன் ஏறினாலோ யோசிக்கத்தான் வேண்டும். அப்போதும் நேராக விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். இடைவெளி எடுத்துவிட்டுத் திரும்பி வர விதி இருக்கிறதா, எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், முடித்த வார்டு மணி நேரம் கணக்கில் நிற்குமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருகைப்பதிவு குறைந்த பிறகு போனால் அவர்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும், அதனால் இந்த வாரமே போங்கள்.

தாள் நிரம்பியதும் அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைக் கூச்சப்பட்டுக் கூட்டி எழுத வேண்டாம். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போடுங்கள்.