கள்ளத்தோணி என்ற சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கைகால்களில் விலங்கிட்டு அழைத்து வந்தது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு நாட்டில் நெடுநாள் வாழ்ந்துவிட்டவர்களை வெளியேற்றுவதே அநீதி என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தகப்பனார் 1972-இல் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை என்று எல்லாத் தாள்களையும் முறையாக வாங்கிக்கொண்டு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து எங்களை ஆளாக்கினார். ஏஜெண்டுக்குப் பல லட்சம் கொட்டிக் காட்டு வழியாக எல்லை தாண்டியவனையும் அவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா? சட்டப்படி விண்ணப்பித்து வரிசையில் காத்திருப்பவன் ஏமாளியா? இங்கே எங்கள் தோட்டங்களிலும் வடமாநிலத்தவர்கள் நிறைந்துவிட்டார்கள். அவர்களில் யார் எந்த நாட்டவர் என்று பார்க்க வேண்டாமா?

பெயர் வெளியிட வேண்டாம்,
குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தகப்பனாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவருடைய பழைய கடவுச்சீட்டு இன்னும் வீட்டில் இருந்தால், பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1964-க்குப் பிறகு வந்தவர்களில் மிகப் பலருக்கு அந்தக் கட்டத்தில் இலங்கையின் ஊர்ப் பெயர்தான் இருக்கும். அவர்கள் இந்தியாவுக்குத் ‘திரும்பி’ வந்ததாகவே நம் அரசுத் தாள்கள் சொல்கின்றன. தாயகம் திரும்பியோர் என்ற பெயரையும் நாம் அப்படித்தான் வைத்தோம். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்டிராத ஒரு நாட்டுக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

1820-களில் தொடங்கி, காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெள்ளைக்காரத் துரைமார்களின் தேவைக்காகக் கங்காணிகள் ஆள் கட்டி அழைத்துச் சென்ற மக்கள் அவர்கள். நூறாண்டுக்கும் மேலாக அந்த மலைகளில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே மண்ணுக்குள் போனவர்களின் வாரிசுகளை, சுதந்திரம் பெற்ற அதே 1948-இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அவருடைய தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். லயம் என்ற தோட்டக் குடியிருப்பின் அறைகளில் பிறந்தவர்களின் பாட்டனுக்கு எவர் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்திருந்தார்கள்? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. நேற்றுவரை சட்டப்படி வாழ்ந்த மனிதர், தான் எந்தக் குற்றமும் செய்யாமலேயே, படுத்து எழுந்த மறுநாள் சட்டத்துக்குப் புறம்பானவராக ஆனார். அங்கே அவர்களைத் திட்டப் பயன்பட்ட சொல் உங்கள் தகப்பனாருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்: கள்ளத்தோணி, அதாவது திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்தவர். எல்லை தாண்டியவனைப் பற்றி நீங்கள் இன்று எழுதும் வாக்கியத்தை, அன்று அவரைப் பற்றி அங்கே எழுதினார்கள்.

எல்லாத் தாள்களையும் முறையாக வாங்கிக்கொண்டு வந்தார் என்கிறீர்கள். முறையாகத்தான் வந்தார், ஐயமில்லை. ஆனால் அந்தத் தாள்கள் அவரை வெளியேற்றுவதற்காக இரண்டு அரசுகள் சேர்ந்து உண்டாக்கியவை. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்காகப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. பிறகு 1974-இல் அந்த மீதியையும் சரிபாதியாக, 75,000 என்று இரு பக்கமும் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே பிறந்து வாழ்பவர்கள் அந்நாட்டின் பொறுப்பு என்று நேரு இறுதிவரை பிடித்திருந்த நிலை, அவர் மறைந்த சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது. விண்ணப்பம் கேட்டபோது பெரும்பாலோர் இலங்கைக் குடியுரிமையைத்தான் கேட்டார்கள். கேட்டவர்களின் தொகை அங்கே ஒதுக்கிய மூன்று லட்சத்தைப் போல இருமடங்கையும் தாண்டியது. விருப்பம் கேட்கப்பட்டது, ஆனால் எண்ணிக்கை ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த சரிவில், இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி குடியிருந்தார். வந்து இறங்கியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து அவர் குடும்பத்தைத் துறையூர்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள், அங்கேதான் அவர்களுடைய பூர்வீகம் என்று. போய்ச் சேர்ந்த ஊரில் இவர்களை அடையாளம் சொல்ல ஒருவரும் இல்லை. வாங்கிய தொழில்கடனில் வைத்த பெட்டிக்கடை ஓராண்டுகூட நிற்கவில்லை. தேயிலையைத் தவிர வேறு வேலை தெரியாததால், தேயிலை இருக்கும் மலையைத் தேடி இங்கே ஏறி வந்தார்கள். கடைசிவரை ரயிலைக் ‘கோச்சி’ என்றும் தொழிலாளர் குடியிருப்பை ‘லயம்’ என்றுமே சொல்லிக்கொண்டிருந்தார். பேரனின் சாதிச் சான்றிதழுக்காக அவர் ஓர் அலுவலகத்தின் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும், மனுக்களை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அங்கே கள்ளத்தோணியாக இருந்தவர் இங்கே சிலோன்காரியாக இருந்தார். ‘ஊருக்குப் போறோம் போறோம்னாங்க தம்பி, ஊரு எதுன்னுதான் கடைசி வரைக்கும் யாரும் சொல்லல’ என்று அவர் ஒருமுறை சொன்னதை வைத்துத்தான் நான் எந்த நாட்டு நாடுகடத்தலையும் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் நீலகிரிக்காரர்களாகிய நாம் மறக்கக் கூடாது. வந்து இறங்கியவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்று 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னர் அதுவே டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். அந்தக் காட்டை நம்பி வாழ்ந்த பழங்குடிகளான பணியர்களையும் காட்டுநாயக்கர்களையும் எவரும் கலந்து பேசவில்லை. தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் ஜன்ம நிலங்களில், அதாவது ஜமீன் போன்ற பழைய ஜன்மி உரிமையில் இருந்த நிலங்களில், குடிசை போட்டார்கள். 1969-இன் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய அந்த நிலங்களில் இன்றுவரை பலருக்குப் பட்டா இல்லை. யானையின் வழியும் அடைபட்டது. கொழும்பில் எடுத்த முடிவின் சுமையை இலங்கையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பணியர் குடும்பம் சுமந்தது. வெளியேற்றுகிற நாடு தன் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது, வெளியேற்றப்பட்ட மனிதர்களோ யாருடைய மண்ணிலாவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

இனி உங்கள் மறுப்புக்கு வருகிறேன். உங்கள் முன்னோரை அழைத்துப் போனார்கள், அந்த விமானத்தில் வந்தவர்கள் தாமாகவே எல்லை தாண்டினார்கள். இந்த வேறுபாடு உண்மையானது, அதை நான் அழிக்க முயலவில்லை. ஒரு நாடு தன் வாசலில் யாரை அனுமதிப்பது என்று தீர்மானிக்கலாம். எல்லையிலேயோ, வந்து சில மாதங்களிலோ பிடிபட்டவரின் தரப்பைக் கேட்டறிந்து, உயிருக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொண்டு திருப்பி அனுப்பினால் அதை அநீதி என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்பவர்களின் ஆற்றாமையும் நியாயமானதே. ஆனால் அந்த வரிசை எல்லோருக்கும் இல்லை. பட்டமும் பணமும் இல்லாத ஓர் உழவர் மகன் நிற்பதற்கு அமெரிக்காவில் ஏறக்குறைய வரிசையே கிடையாது. அவனுடைய உழைப்பு வேண்டுமென்பதோ அங்கே எல்லோருக்கும் தெரியும். பழத்தோட்டக்காரரும் கட்டடக் குத்தகைக்காரரும் உணவகக்காரரும் ஆவணமில்லாதவன் என்று அறிந்தே, அறிந்ததனாலேயே குறைந்த கூலிக்கு, அவனை வைத்துக்கொள்கிறார்கள். இருபது ஆண்டுகள் அப்படி வேலை வாங்கி, அவனிடம் வரி வாங்கி, அவன் பிள்ளைகள் அங்கே பிறந்து பள்ளிக்குப் போன பிறகு, முதல் நாள் செய்த மீறலை மட்டும் தூசி தட்டி எடுத்து அவனை விமானத்தில் ஏற்றும்போது, தண்டனை குற்றத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிடுகிறது. திருட்டுக்குக்கூட வழக்குத் தொடர ஒரு காலவரம்பு வைக்கிற சட்டங்கள், ஒரு மனிதன் எல்லையைத் தாண்டியதை மட்டும் ஆயுள் முழுக்க மன்னிக்காமல் வைத்திருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. காலம் ஒருவரை ஒரு மண்ணுக்கு உரியவராக்குகிறது என்பதை உங்கள் தகப்பனாருக்காக நான் ஏற்றால், எந்த அளவுகோலால் அதை வேறொருவருக்கு மறுப்பேன்? அவர் குடும்பத்துக்கு 1948-இல் காலத்தின் இந்த உரிமையைத்தான் மறுத்தார்கள்.

முடியாது என்று சொன்னது உண்மையில் முடியாததா என்றும் பாருங்கள். இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-இல் இயற்றிய சட்டம் குடியுரிமை கொடுத்தது. 55 ஆண்டுகள் நாட்டுக்கே ஆபத்து என்று வாதிட்ட ஒன்றைச் செய்து முடித்தார்கள், அதனால் அந்த நாடு நிலைகுலையவில்லை. இடையில் கப்பலேறியவர்களுக்கு அது உதவவில்லை.

உங்கள் தோட்டங்களில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டில் எங்கும் போய் வசிக்கும் உரிமையை அரசியலமைப்பு அவர்களுக்கு உங்களைப் போலவே கொடுத்திருக்கிறது. வேற்று நாட்டவர் என்று உரிய அதிகாரி ஐயப்பட்டால் விசாரிக்கட்டும், பதில் சொல்ல அவகாசமும் வழக்கறிஞரும் கிடைக்கட்டும். 2025-இல் டெல்லியில் பிடித்து வங்கதேசத்துக்குள் தள்ளிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் திரும்ப அழைத்து வரும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. பேசும் மொழியையும் முகத்தையும் வைத்து ஒருவரின் நாட்டை முடிவு செய்தால் நேர்வது இதுதான். குறைந்த கூலிக்கு ஆள் பிடித்து வந்து, முன்பு வேலை பார்த்த குடும்பங்களைத் தோட்டத்திலிருந்து ஒதுக்குகிறார்கள் என்பது உங்கள் குறையென்றால், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். அந்தக் கேள்வியைக் கூலி கொடுப்பவரிடம் கேளுங்கள். காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பெண்ணிடம் உங்கள் தகப்பனார் அதைக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் இருக்கிறாரென்றால், கப்பலேறிய அந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.