பிளேடின் முறுக்கு இரண்டே நாளில் தளர்வது ஏன்?

கேள்வி: கடலோர ஊரான மண்டபம் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களோடு ரப்பர் முறுக்கில் ஓடும் சிறு விமானங்களைச் செய்து கல்யாண மண்டபத்துக்குள் பறக்கவிடுகிறோம். பால்சா என்ற மிக இலேசான மரத்தின் 0.8 மி.மீ. தகட்டை நனைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் கட்டி, வெயிலில் உலர்த்தி, விமானத்தின் முன்விசிறிக்குப் பிளேடு செய்கிறோம். இரண்டு நாளில் வளைவு போய்விடுகிறது. பறக்கும்போது மூக்கும் நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கைவேலையில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. குற்றவாளி கடல்காற்று. வெயிலில் உலர்ந்த பால்சா காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொண்டு பழைய தட்டை நிலைக்கே திரும்பப் பார்க்கும். வாடைக்கால மாதங்களில் இது இன்னும் மோசம்.

வளைவை நிலைக்க வைப்பது வெப்பம். பாட்டிலை விட்டுவிட்டு 10 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பா ஒன்றை எடுங்கள். அதன் நீளவாட்டுக்கு 15 டிகிரி சாய்வாகக் கோடு போடுங்கள். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறிய பிளேடை அந்தக் கோட்டில் வைத்து, கட்டுத்துணியால் சுற்றி, மின் அடுப்பில் (ஓவனில்) 100 டிகிரி அளவில் அரைமணி நேரம் வையுங்கள். முழுக்க ஆறிய பிறகே பிரிக்க வேண்டும். சூட்டோடு பிரித்தால் பட்ட பாடு வீண்.

சாய்வு இரண்டு பிளேடுக்கும் ஒரே பக்கம் இருக்கட்டும். கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராகக் கட்டுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. உடைமுள்ளில் குத்திய ஓலைக் காற்றாடி நினைவிருக்கிறதா? இரண்டு ஓலையும் ஒரே முறையில் திரும்பியிருந்தால்தான் அது சுற்றும்.

மூக்கு நடுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு பிளேடின் கோணமும் எடையும் ஒத்துப்போகாததே. உங்கள் விசிறியின் விட்டம் 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 36 செ.மீ. முன்னேற வேண்டுமானால் மையத்திலிருந்து 9 செ.மீ. தூரத்தில் பிளேடு சுமார் 32.5 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அது 5 டிகிரி தளர்ந்தால் முன்னேற்றம் 29 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். ஒரு பிளேடு மட்டும் தளர்ந்தால் இரண்டின் இழுப்பும் வேறுபட்டு, தண்டு சுற்றுக்குச் சுற்று ஆடும். ஆகவே கெட்டி அட்டையில் இந்தக் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிளேடையும் அதில் பொருத்திப் பாருங்கள். எடைக்கு நகைக்கடைத் தராசு போதும். கனமான பிளேடை நுனிப்பக்கம் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

வார்னிஷ் பூசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பிளேடு கோணிக்கொள்ளும். இரு பக்கமும் பூசினால் எடை ஏறும். நான் பூசுவதில்லை. பிளேடுகளைத் தகர டப்பாவிலேயே துணியோடு விட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் மூடி வைக்கிறேன். மண்டபத்தில் கடல்பக்கச் சன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்திய பிறகே பெட்டியைத் திறக்கிறேன்.