திருநெல்வேலிப் பக்கம் நீண்ட தூரம் நடக்கவும் ஓடவும் அழகான பாதை ஏதாவது உண்டா?

கேட்டால் பலரும் மாஞ்சோலையையும் பாபநாசத்துக்கு மேலுள்ள காட்டையும்தான் கைகாட்டுவார்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்; வனத்துறை அனுமதி இல்லாமல் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. பாதயாத்திரைக்காரர்கள் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு போகும் திருச்செந்தூர் சாலை முருகனுக்காக நடப்பவர்களுக்குச் சரி. லாரிகளுக்கு நடுவே ஓட எனக்குத் தைரியம் இல்லை.

என் பதில் கன்னடியன் கால்வாய்க் கரை. சேரன்மகாதேவியில் தொடங்கி, வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சி வரை. சாலையில் போனால் 15 கிலோமீட்டரை ஒட்டி வரும். கரையோடு போனால் வளைவுகளால் இன்னும் கூடும். புதர் அடைத்த இடங்களில் ஊருக்குள் இறங்கி, மறுபடி கரையேற வேண்டும்.

அந்த வளைவுகளுக்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்துப் பிராமணர் ஒருவர், அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னாலேயே போய், அது நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டினாராம். அது படுத்த இடம் குளமாம். பசு வந்ததோ இல்லையோ, தண்ணீருக்கு மேடேறத் தெரியாது. தாமிரபரணியில் அணைக்கட்டு போட்டுத் திருப்பிய தண்ணீரை, உயரம் வீணாகாமல் நிலத்தின் மட்டத்தைத் தடவித் தடவிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால் கரையில் ஏற்ற இறக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. நாற்பத்தைந்து வயது முழங்காலுக்கு வேறென்ன வேண்டும்? தெற்கே மேட்டில் பனையும் உடைமரமும் நிற்கும். வடக்கே பள்ளத்தில் ஆறு வரைக்கும் நெல்லும் வாழையும். இடையில் இருப்பது கால்வாயின் அகலம்தான்.

எந்தத் திசையில் ஓடுவது என்பது மாதத்தைப் பொறுத்தது. தை, மாசியில் விடியலிலேயே சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே கிளம்புங்கள். வெயில் முதுகில் இருக்கும், எதிரே பொதிகை மலை, பக்கத்தில் பிசானப் போகத்து நெல். ஆனி, ஆடியில் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று அப்போது முகத்தில் அறையும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கிழக்கே ஓடினால் அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம், கரை முழுக்கச் சேறு.

திரும்பி வர ரயில் இருக்கிறது. இந்த மூன்று ஊர்களிலும் நிலையம் உண்டு. முன்னதாகவே களைத்துவிட்டால் காருகுறிச்சியில் ஏறிக்கொள்ளலாம். (ஆம், நாகஸ்வரம் அருணாசலத்தின் ஊர்தான்.) நேரம் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டிகள் குறைவு.

அடி கனமான ஷூ அவசியம். போன மாசியில் வீரவநல்லூர் தாண்டியதும், விரல் நீள வெள்ளை உடைமுள் ஒன்று என் ஷூவைத் துளைத்து உள்ளங்காலைத் தொட்டுவிட்டது. ஒரு படித்துறையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. பிறகு நொண்டிக்கொண்டே ஓட்டம். மடை திறந்துகொண்டிருந்த பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எதைப் பிடிக்கத் தம்பி இந்த ஓட்டம்?" என்று கேட்டார்.

"கல்லிடைக்குறிச்சியில் ரயில்" என்றேன்.

"அது இப்போதுதானே போனது" என்று சொல்லிவிட்டு மண்ணை வெட்டத் தொடங்கினார்.