கம்பெனி திவால், ஜாமீன் போட்ட எனக்கு ஏன் நோட்டீஸ்?

கம்பெனியின் கடனுக்கு இயக்குநராக ஜாமீன் போட்டிருப்பதால் வங்கி உங்கள் மேல் வழக்குப் போடலாம். என்சிஎல்டி (தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம்) வழக்குகளை நிறுத்தி விதித்த தடைக்காலம் கம்பெனிக்குத்தான். ஜாமீன் போட்ட இயக்குநரை அது காக்காது. 2016 திவால் சட்டத்தின் பிரிவு 14(3) இதை நேரடியாகவே சொல்கிறது. செக் திரும்பிய வழக்கும் அப்படித்தான்: கம்பெனி மீதானது தடைக்காலத்தில் நிறுத்தி வைக்கப்படும், பொறுப்பான இயக்குநர்கள் மீதானது தொடரும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடன் வாங்கியபோது தனிநபர் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பீர்கள். அதன் நகலை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். தொகைக்கு உச்சவரம்பு உண்டா, பிற்பாடு வாங்கிய கடனுக்கும் பொருந்துமா என்று வரிவரியாகப் பாருங்கள். பலர் இதைப் படிக்காமலே முழுத்தொகைக்கும் ஒப்புக்கொள்வதுதான் வருத்தம்.

அதே சட்டத்தின் பிரிவு 94-இன்கீழ் நீங்களே திவால் மனு செய்யவும் வழி உண்டு. அதற்குமுன் வக்கீலைப் பாருங்கள். பயத்தில் வீட்டை உறவினர் பெயருக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள், அது ரத்தாகலாம்.