நேர்த்தி வைத்தவளின் கதையைப் படமாக்குவது: கேள்வி பதில்

கிரஹாம் கிரீன் 1951இல் எழுதிய 'தி என்ட் ஒஃப் த அஃபெயர்' நாவலைப் பற்றிப் போன கிழமை சொன்னதிலிருந்து அதைப் படமாக்குவது பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர்க் கால லண்டன். அரசாங்க உத்தியோகத்தன் ஹென்றியின் மனைவி சேரா. எழுத்தாளன் பென்ட்ரிக்ஸோடு அவளுக்குக் கள்ள உறவு. 1944இல் அவன் இருக்கிற இடத்தில் பறக்கும் குண்டு விழுகிறது, அதன் பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் அவள் அவனை விட்டுப் போய்விடுகிறாள். ஏன் என்பது, பின்னாளில் அவன் அமர்த்திய துப்பறிகிறவன் எடுத்துக்கொடுத்த அவளுடைய நாட்குறிப்பில்தான் தெரியவருகிறது. அவன் செத்துவிட்டான் என்று நினைத்து அவள் முழந்தாளிட்டிருக்கிறாள்: அவனை உயிரோடு தா, நான் அவனை விட்டுவிடுகிறேன். கடவுளுக்குக் கொடுத்த அந்த வாக்குத்தான் அவள் வைத்த நேர்த்தி.

அண்ணை, இது எத்தனை தரம் படமாக வந்திருக்கிறது? எதைப் பார்க்கலாம்?

இரண்டு தரம். 1955இல் எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கியது, டெபரா கெர் சேராவாக நடித்தது. 1999இல் நீல் ஜோர்டான் இயக்கியது, ஜூலியான் மூரும் ரால்ஃப் ஃபைன்ஸும் நடித்தது. நாவலை முதலில் வாசியுங்கள், பிறகு 1999 படத்தைப் பாருங்கள். குண்டு விழுகிற கட்டத்தை ஜோர்டான் இரண்டு தரம் காட்டுகிறார், முதலில் பென்ட்ரிக்ஸ் கண்டபடி, பிறகு சேரா கண்டபடி. நாட்குறிப்பு நாவலில் செய்கிற வேலையை இதைவிட வடிவாகக் கமெராவால் செய்ய ஏலாது என்றுதான் நினைக்கிறேன்.

செபம் மனதுக்குள் நடக்கிற விஷயம். அதை எப்படிக் காட்டுவது? பின்னணிக் குரல் போட்டால் சரிதானே?

குரலைக் கடைசிக்கு வையுங்கள், தம்பி. கிரீனே உங்களுக்கு வேண்டியதைத் தந்துவிட்டார். நாவலில் பென்ட்ரிக்ஸ் கீழே போன நேரம் குண்டு விழுகிறது. வாசல் கதவு அவன் மேல் சரிகிறது. சேரா இறங்கி வந்து பார்க்கிறாள், கதவுக்கடியில் அவன் கை மட்டும் தெரிகிறது. தொட்டுப் பார்க்கிறாள், அது செத்தவன் கை என்றே நினைக்கிறாள். மேலே ஏறிப் போய்க் கட்டிலடியில் முழந்தாளிடுகிறாள், உள்ளங்கையில் நகத்தை அழுத்துகிறாள், வலியைத் தவிர வேறொன்றும் தெரியாத அளவுக்கு. கை, படி, கட்டில், நகம். செபம் அவ்வளவும் இதற்குள் வந்துவிடுகிறது.

1990இல் பொம்மர் சுற்றுகிற நேரம் பங்கருக்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நாலு நகத்தடம் பதிந்து அடுத்தநாளும் சிவந்து கிடந்தது. வாயால் அவ என்ன செபித்தா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் எவ்வளவு செபித்தா என்பது தெரியும். கமெராவை அங்கே வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அந்த நேரம் சேராவுக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. நம்பாதவள் வைத்த நேர்த்தி அது. அவன் உயிரோடு கதவைத் திறந்து உள்ளே வருகிறபோது அவளுக்குச் சந்தோசம் வரவில்லை, இனி இவன் இல்லாமல் இருக்கவேண்டுமே என்ற வேதனைதான் வருகிறது. நடிகைக்கு இதைத்தான் விளங்கப்படுத்தவேண்டும். ஆனந்தக் கண்ணீர் விட்டாவென்றால் அதற்குப் பிறகு வருகிற படம் முழுக்கப் பிழையாகிப்போகும்.

1999 படத்தில் இருவரும் திரும்பச் சேர்ந்து பிரைட்டனுக்குப் போகிறார்களே. எனக்கு அதுதான் நாவலைவிடப் பிடித்தது. போன கிழமை நீங்கள் அதைக் குறை சொன்னீர்களே, ஏன்?

அந்தக் காட்சிகள் அழகு, இல்லை என்று சொல்லமாட்டேன் தங்கச்சி. ஆனால் நாவலில் சேரா சொல்லைக் காப்பாற்றுகிறாள். தள்ளாடுகிறாள், ஹென்றியை விட்டுப் போவதற்குக் கடிதம்கூட எழுதுகிறாள், ஆனாலும் பென்ட்ரிக்ஸிடம் திரும்பிப் போகவில்லை, அப்படியே நோய் வந்து சாகிறாள். நேர்த்தி முறிந்துவிட்டால் பென்ட்ரிக்ஸ் கடவுள்மேல் கோபப்படுவதற்கு என்ன காரணம் மிஞ்சும்? அவனுக்குத்தான் அவள் கிடைத்துவிட்டாளே! நாவல் முழுக்க அவன் கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு மல்லுக்கட்டுகிறான், கடைசியில் என்னை விட்டுவிடு என்று அவரிடமே கேட்கிறான். அந்த மூன்றாம் ஆளைத் திரையில் எப்படி உணரவைப்பது என்பதுதான் இந்த நாவலைப் படமாக்குகிற முழுப் பிரச்சினையும். சேர்த்துவைத்தால் அது சாதாரண முக்கோணக் காதலாகிவிடும், அதுக்கு எங்களிடம் ஏற்கெனவே நூறு படம் இருக்கிறது.

நாவலில் ஒருவரின் கன்னத்து மறு மறைகிற புதுமையை (அற்புதத்தை) வைக்கலாமா, எடுக்கலாமா?

வையுங்கள். நாவலில் அந்த மறு சிமைத் என்ற நாத்திகப் பேச்சாளனின் கன்னத்தில் இருக்கிறது, கடவுள் இல்லை என்று சேராவுக்குப் பாடம் எடுப்பவனே அவன்தான். ஜோர்டான் சிமைத்தைப் பாதிரியாராக்கி, மறுவைத் துப்பறிகிறவனின் மகனுக்கு மாற்றிவிட்டார். மறுப்பவனின் முகத்திலேயே புதுமை நடப்பதில்தான் அதன் குத்து இருந்தது. பின்னணியில் பெரிய இசை வேண்டாம், ஒருத்தன் முகம் துப்பரவாக வந்து நிற்கிறான், அவ்வளவு போதும்.

இதை யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, சைவப் பெடியன், கத்தோலிக்கப் பெட்டை என்று எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்வீர்களா?

பார்த்தேன். சாதி, ஊர்ச் சண்டை என்று நல்லாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் திருச்சபைப் பக்கத்தில் இருவரையும் பிரிக்கிற உங்கள் சுவர் உயரம் காணாது. திருமுழுக்குப் பெறாதவரைக் கட்டுவதற்கு ஆயரிடம் விதிவிலக்கு வாங்கலாம், எத்தனையோ பேர் வாங்கிக் கட்டி நல்லாக இருக்கிறார்கள். ஒரு கடிதத்தோடு உங்கள் இடைவேளைக்குப் பிந்திய பாதி முடிந்துவிடும். ஏற்கெனவே இருக்கிற திருமணத்தைத்தான் கடிதம் அவிழ்க்காது. எங்கள் மண்ணில் இதற்கு ஒரு கதை கிடக்கிறது, யாரும் தொடவில்லை: கணவன் காணாமற்போன பெண். எத்தனை வருடம் ஆனாலும், ஆளைக் காணவில்லை என்பது மட்டும் மறுமணத்துக்குப் போதாது, இறந்திருப்பார் என்று ஆயர் விசாரித்து அறிவிக்கவேண்டும். அவள் அந்த அறிவிப்பைக் கேட்டுப் போவதே அவன் செத்துவிட்டான் என்று தன் வாயால் சொல்வதுதான். ஒவ்வொரு வருடமும் மடு மாதா கோயிலுக்குப் போய் அவனை உயிரோடு தா என்று நேர்த்தி வைத்தவள், இன்னொருவனை விரும்பிவிட்டால் என்ன செய்வாள்? இதை எழுதுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

குண்டு விழுகிற காட்சியைக் கோயிலுக்குள் வைக்கலாமா?

வேண்டாம். 1995 யூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்தது. அங்கேயும் எல்லாரும் செபித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். இங்கே பார்க்க வருகிறவர்கள் அதை நினைக்காமல் இருக்கமாட்டார்கள், ஒருத்தியின் செபம் மட்டும் கேட்கப்பட்டதாகக் காட்டினால் அவர்களுக்கு வலிக்கும். வீட்டுக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டில் செபித்தும் பிழைக்காத ஒருவரையும் கதையில் வையுங்கள்.

உரிமை வாங்கவேண்டுமா?

நாவலை அப்படியே எடுப்பதென்றால் வாங்கத்தான் வேண்டும். கிரீன் 1991இல் இறந்தார், இறந்து 70 வருடத்துக்கு உரிமை இருக்கிறது, அதாவது 2061 முடியும்வரை. நேர்த்தி வைத்த பெண் என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை, பாத்திரங்களையும் சம்பவங்களையும் நீங்களே உருவாக்குங்கள்.

நான் சைவம். பூசைகூட முழுக்கப் பார்த்ததில்லை. நான் எழுதலாமா அண்ணை?

எழுதலாம் தங்கச்சி. காவடி தூக்குகிற வீட்டில் வளர்ந்த உங்களுக்கு நேர்த்தி என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. மற்றவற்றைப் பழகினால் சரி. உதாரணத்துக்கு, நாவலில் சேரா செத்த பிறகு பாதிரியார் வந்து அவளைக் கத்தோலிக்க முறைப்படி அடக்கவேண்டும் என்று கேட்கிறார், பென்ட்ரிக்ஸ் விடவில்லை, தகனம் நடக்கிறது. 1963 வரைக்கும் திருச்சபை தகனத்தை அனுமதிக்கவில்லை, அதனால் அது அவளைக் கடவுளிடமிருந்து பறிக்கிற வேலையாகவே அவனுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தில் இருப்பவருக்கு இதை விளக்கவேண்டும். எங்களுக்குச் சேமக்காலையா (கிறிஸ்தவர்களைப் புதைக்கிற இடம்) சுடலையா என்று ஒருவர் கேட்டாலே வீடு முழுக்க அமைதியாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பாசையூர் அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பின்வாங்கில் இருங்கள். மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் சைவச் சனமும் இருக்கும். முகங்களைப் பார்க்கவேண்டாம், கைகளைப் பாருங்கள், திரியை நட்ட பிறகும் உடனே எடுக்காமல் வைத்திருக்கிற கைகளை. வீட்டுக்கு வந்து முதல் பத்துப் பக்கத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள்.