புரட்டாசியில் இலை உதிராத ஊரில் எதைப் பார்ப்பது?

கேள்வி: காலாண்டு விடுமுறைக்கு அருப்புக்கோட்டை பக்கம் என் அம்மா ஊருக்குப் போகிறோம். ஐந்தாவது படிக்கும் மகளுக்கு, ‘இலையுதிர் காலம் தொடங்குகிறது, ஊரில் கண்டதை எழுதி வா’ என்று பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே வேம்பும் புளியும் பச்சையாகவே நிற்கின்றன. அவளுக்கு எதைக் காட்டுவது?

பதில்: வேம்பு பச்சையாக நிற்பதையே முதல் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். அது நல்ல கவனிப்பு. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம் உண்டு. செப்டம்பர் 22, 23 வாக்கில் இரவும் பகலும் சமமாகி, பிறகு பகல் மளமளவென்று குறையும். குளிரும் சேர்ந்துகொள்ள, அங்கே மரங்கள் இலையை விடுகின்றன. அருப்புக்கோட்டையில் அந்த வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. நம் வேம்பு இலை கொட்டுவது வறட்சிக்கு, மாசி பங்குனியில். ஐப்பசி, கார்த்திகையை நம் முன்னோர் கூதிர், அதாவது குளிர் காலம் என்றார்கள். அதன் வாசலில்தான் நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள். உதிர்வதைத் தேடாமல், வந்து சேர்வதைத் தேடுங்கள்.

முதலில் மின்கம்பியைப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்கள் வடக்கே இருந்து வந்தவை. வால் கத்தரிக்கோல் போலப் பிளந்திருக்கும். இளம் பறவைக்கு அந்த நீட்டம் குறைவு.

நான் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் விருந்தாளி பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா பக்கமெல்லாம் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் இங்கே வருகிறது. மைனாவைவிடச் சிறியது. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டி ஓடும். வேலி முள்ளின் உச்சியிலோ சீமைக்கருவேல் நுனியிலோ தனியாக உட்கார்ந்து, விடியலிலும் பொழுது சாயும்போதும் கரகரவென்று கத்தும். ‘இது என் இடம்’ என்று அக்கம்பக்கத்துக் கீச்சான்களுக்குச் சொல்கிற குரல் அது. போன வருடம் தங்கிய அதே இடத்துக்கே திரும்பி வரும் பழக்கமும் இதற்கு உண்டு. அம்மாச்சியிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்: “போன தடவையும் இந்த வேலியில இப்படி ஒண்ணு கத்துச்சா?” ஒரு எச்சரிக்கை: உங்கள் ஊரிலேயே வருடம் முழுக்க இருக்கும் கீச்சான்களும் உண்டு. தலை சாம்பல் நிறமாகவும், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டும் தெரிந்தால் அது உள்ளூர்க்காரர். பழுப்புக் கீச்சானின் இறக்கையில் வெள்ளை இருக்காது.

ஆறுமணிக்குருவியும் இந்த நாட்களில்தான் தெற்கே வந்து சேரும். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து வருவதால், களைத்தும் சுவரில் மோதியும் வீட்டுக்குள் விழுவது உண்டு. அப்படிக் கிடைத்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, அமைதியான இடத்தில் ஓய்வெடுக்க விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் மாலையில் புதர் ஓரம் திறந்துவிடலாம்.

கண்மாய்க் கரையில் மாலை நான்கு மணிக்கு மேல் நின்றால் தட்டான் கூட்டம் கண்ணில் படலாம். அதில் மஞ்சள் பழுப்பாக, உட்காராமல் காற்றில் மிதந்துகொண்டே இருப்பதைக் கவனியுங்கள். இந்த இனத்துத் தட்டான்கள் அக்டோபர் வாக்கில் மாலத்தீவுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு விரல் நீளம்கூட இல்லாத உடம்பு!

கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடு இருந்தால், பாதி கட்டி விட்டவற்றை எண்ணச் சொல்லுங்கள். ஆண் பாதி வரை பின்னும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி வேலை. கூட்டைப் பறிக்க மட்டும் விடாதீர்கள். வேலியில் செங்காந்தள் பூத்திருந்தால், இதழ் பச்சையிலிருந்து மஞ்சளாகிச் சிவப்பாவதை ஒரே கொடியிலேயே காட்டலாம். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு இன்னும் மோசம். கண்ணால் பார்த்தால் போதும்.

பத்து இடம் சுற்ற வேண்டாம். ஒரே இடம், தினமும் காலை ஆறரைக்கு அரை மணி நேரம். தேதி, நேரம், மேகம், காற்று எந்தப் பக்கம், எத்தனை பறவை என்று எழுதட்டும். ஒன்றும் வராத நாளில் ‘வரவில்லை’ என்று எழுதுவதும் அதே அளவு முக்கியம்; அப்போதுதான் வந்த நாள் எது என்று தெரியும். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. வரப்பில் மூடிய காலணியும், இருட்டில் டார்ச்சும் கட்டாயம். பாம்புகள் நடமாடும் காலம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. அதற்குள் நீங்கள் திரும்பியிருப்பீர்கள். கரிசலில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பை முடித்துவிட்டு ஊரே வானம் பார்த்திருக்கும் அந்த நாட்களை மகள் தவறவிட வேண்டாம். நோட்டில் நாலு பக்கம் வெற்றாக விட்டு, அம்மாச்சியின் போனுக்காக வைத்திருக்கட்டும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டு ஏறியது என்றைக்கு, ஈசல் கிளம்பியது என்றைக்கு, செவல் காட்டில் வெல்வெட் துணி போன்ற சிவப்புப் பட்டுப்பூச்சி வந்ததா என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம்.